காமன் மலையேறிய கதை

மாசி வளர்பிறை. பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு சீறிக்கொண்டிருக்கிறது. தீயில் வாட்டிய தப்பு முறுக்கேறி அதிர்கிறது. கரும்பு வில்லைத் தோளில் சாத்திக்கொண்டு மன்மதன் புறப்படுகிறான். ரதி வழியை மறித்து நிற்கிறாள். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போகாதே, சாம்பலாகிவிடுவாய் என்கிறாள். யார், சுடுகாட்டில் குடியிருக்கிற அந்தப் பிச்சைக்காரனா என்னை எரிப்பான், நான் திருமால் பெற்ற பிள்ளை என்று மார்தட்டுகிறான் அவன். வெண்ணெய் திருடி உரலில் கட்டுண்டு கிடந்தவர்தானே உன் அப்பன், மாடு மேய்த்தவர் மகனுக்கு வாயைப் பார் என்று அவள் திருப்பிக் கொடுக்கிறாள். மேட்டு லயத்துச் சனம் மன்மதனுக்காக விசில் அடிக்கிறது. பணிய லயம் முழுக்க ரதி கட்சி. தேத்தண்ணி இரண்டு சுற்று வந்து போகிறது, சண்டை முடிந்தபாடில்லை. விடியும் நேரத்தில் அவளே வெற்றிலை மடித்து அவன் கையில் கொடுக்கிறாள்.

அம்மாவின் சேலைத் தலைப்புக்குள் குளிருக்கு ஒடுங்கிக்கொண்டு எட்டு வயதில் இந்தக் காமன் கூத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது: இவ்வளவு சண்டை போடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் விட்டுப் போகவே மாட்டார்கள்.

ரதி வேடம் கட்டியவர் பக்கத்துக் காம்பராக்காரர். நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். மன்மதன் என் தாய்மாமா. இரண்டு காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் கூரை வரை எட்டாத சுவர். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். மாமா கவ்வாத்துக்காரர், அவர் குரல் பக்கத்து மலைக்குக் கேட்கும். சித்தப்பா ஸ்டோரில் வேலை. மூன்று கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். பீலித் தண்ணீரை முதலில் யார் பிடிப்பது என்பதில் தொடங்கி, கோழி யார் காய்கறிப் பாத்தியைக் கிளறியது என்பது வரைக்கும் ஆண்டு முழுவதும் தகராறு. ஆனால் மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையன்று இருவரும் ஒரே மஞ்சள் நூலில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். அன்று முதல் பௌர்ணமி வரை கறி மீன் இல்லை, கள் சாராயம் இல்லை, ஒரே இஸ்தோப்பில் பாய் போட்டுப் படுக்கை. பகலில் வாயே திறக்காத சித்தப்பா இரவில் சேலை கட்டியதும் வாய் திறப்பார் பாருங்கள், மாமாவுக்குப் பதில் வராது. வருடம் முழுக்கச் சேர்த்து வைத்த தண்ணீர்ச் சண்டை, கோழிச் சண்டை எல்லாவற்றுக்கும் அங்கே கணக்குத் தீர்ப்பார்.

இந்த ரதியும் மன்மதனும் ஊவா மலையில் பிறந்தவர்கள் இல்லை. அவர்கள் ஊர் காவிரிக் கரை. சிவன் வீரம் காட்டியதாகச் சொல்லும் எட்டுத் தலங்களில், காமனை எரித்த இடம் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் உள்ள திருக்குறுக்கை. அங்கிருந்து அதிக தூரமில்லாத பூம்புகாரில் காமவேளுக்குத் தனிக் கோயிலே இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பிரிந்த கணவன் திரும்பி வர அங்கே போய்க் கும்பிடு என்று தேவந்தி யோசனை சொல்கிறாள், கண்ணகி மறுத்துவிடுகிறாள். ஆண்டாள் மறுக்கவில்லை. நாச்சியார் திருமொழியின் தொடக்கமே அவள் காமனைத் தொழுவதுதான். தையில் நோன்பு தொடங்கி மாசிக்குள் நுழைகிறாள். திருமாலை அடையத் திருமாலின் மகனிடமே சிபாரிசு கேட்ட பெண் அவள். எங்கள் தோட்டத்தில் காமன் ஊன்றும் மாதமும் அதே மாசிதான்.

சண்டை மட்டும் பிறகு வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன். 1670களில் தஞ்சையைப் பிடித்த மராட்டியரோடு லாவணிப் பாட்டு வந்தது. மாசி மாதத்தில் தஞ்சை வட்டாரத்து ஊர்களில் இரண்டு கட்சிகள் எதிரெதிரே உட்கார்ந்து, டேப் என்ற தோல் வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு இரவெல்லாம் வழக்காடும். காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை என்பது மற்றது. எரிந்த கட்சிக்காரர் சிவன் பெருமையைப் பாடுவார், எரியாத கட்சிக்காரர் திருமால் பெருமையைப் பாடுவார். கோயில் மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்த சைவ வைணவ வாதத்தை ஒரு புருஷன் பெண்டாட்டி வாதமாக்கியது கூத்துக்காரன் மூளை. தத்துவத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டான். இதைவிடப் பெரிய மேதைமை எதுவும் எனக்குத் தெரியாது.

திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளில் இருந்து சனங்கள் 1820களில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கினார்கள். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டுப் பாதையில் மாத்தளை வரைக்கும் நடை. கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ஊவாவுக்குப் போக வேண்டியவர்களுக்கு மாத்தளையோடு முடியவில்லை. மேலும் மலை மலையாக ஏற்றம். அவர்கள் கொண்டுவந்த சாமான்கள் என்று எந்தத் துரையும் எழுதி வைத்த பட்டியலில் காமன் இருக்க மாட்டான். கனமில்லாத சாமான் அது. தொண்டைக்குள் ஒளிந்து வந்தது. ரியூனியனுக்கும் குவாதலூப்புக்கும் போன தமிழரோடு தெருக்கூத்தும் இப்படித்தான் கப்பலேறியது.

ஆனால் வந்தவுடனேயே காமன் இங்கே வேர் பிடித்திருக்க முடியாது என்பது என் கணிப்பு. காப்பி ஒரு பருவத்துப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலானோர் சம்பளத்தை முடிந்துகொண்டு ஊருக்கு நடந்துவிடுவார்கள். மாசியில் அவர்கள் ஊரிலேயே காமன் பார்த்திருப்பார்கள். தவிர, அன்று வந்தவர்களில் ஆண்களே மிகுதி. கல்யாணக் கூத்துக்குக் குடும்பம் வேண்டும், வாசலில் கோலம் போட ஆள் வேண்டும், ஆலாத்தி எடுக்கக் கை வேண்டும்.

அதற்கு வழி செய்தது எங்கள் பதுளை மாவட்டத்தில் தென்பட்ட ஒரு பூஞ்சணம். 1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் துரு படிந்திருப்பதைக் கண்டார்கள். ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அடுத்த இருபது ஆண்டுக்குள் இலங்கைக் காப்பி படுத்துவிட்டது. துரு தென்படுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி போன மலைகளில் எல்லாம் தேயிலை ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னையை வாங்கினார். தேயிலைக்குப் பருவம் கிடையாது. கொழுந்து வாரா வாரம் வளரும், வாரா வாரம் பறிக்க வேண்டும். பறிக்கப் பெண்கள் வேண்டும். குடும்பம் குடும்பமாக வந்தார்கள், வந்தவர்களில் பலர் திரும்பவில்லை, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களில் குடியமர்ந்தார்கள். மாசி மாதம் முதன்முதலாக லயத்தில் வைத்தே வந்தது. காப்பியைக் கொன்ற துருதான் காமனை ஊவாவில் குடிவைத்தது என்று நான் நம்புகிறேன்.

மலைக்கு வந்த காமன் உடுப்பை மாற்றிக்கொண்டான். காமன் என்று நடுவது ஒரு கம்பம். ஆமணக்கு, பேய்க்கரும்பு, மாவிலை, வேப்பிலை, வைக்கோல் புரி, வறட்டி எல்லாம் சேர்த்துக் கட்டுவார்கள். தேயிலை மலையில் வைக்கோலுக்கு எங்கே போவது? கீழே சிங்களக் கிராமத்து வயலுக்குத்தான். எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு மாசியும் இரண்டு பேர் இறங்கிப் போய் ஒரு கட்டு வைக்கோல் வாங்கி வருவார்கள். கேட்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் எதற்கு என்று தெரியும், காசு வாங்க மாட்டார்கள். வில்லுக்குக் கரும்பு கிடைக்காத வருடங்களில் நாணல் தண்டை வளைத்துச் சாயம் பூசினார்கள். பிற்பாடு மொனராகலைப் பக்கம் பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்பு பெருகியதும், மாகாணத்துக்குள்ளேயே மன்மதனுக்கு வில் விளைந்தது.

காலமும் மலைக்கு ஏற்ப அமைந்தது. ஊவாவுக்கு வடகீழ்ப் பருவ மழைதான் பெருமழை. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் நனைத்துவிட்டுப் போகும். மாசியில்தான் வானம் தெளிந்து நமுனுகுல மலை முழுசாகத் தெரியும். பிரட்டுக்களத்து மண் காய்ந்து காலுக்கு இறுக்கமாக இருக்கும். கூத்தாட அதைவிட நல்ல மாதம் இல்லை.

பதினைந்து நாள் கதை இது. முதலில் பெண் பார்த்தல். மேட்டு லயம் மாப்பிள்ளை வீடு, பணிய லயம் பெண் வீடு. தேங்காய், பழம், சேலை வைத்த சீர்வரிசைத் தட்டுகள் பீலிக்கரை வழியாக ஏறி வரும். தட்டு சிறியதாக இருக்கிறது என்று பெண் வீட்டார் மல்லுக்கு நிற்பார்கள். அது நடிப்பா நிசமா என்று பாதிப் பேருக்குத் தெரியாது. கல்யாணம் முடிந்ததும் புதுமணத் தம்பதி லயம் லயமாக ஆடிக்கொண்டு வருவார்கள். பிள்ளை இல்லாதவர்கள் ரதியின் காலில் விழுந்து வேண்டிக்கொள்வார்கள். மீசையை மழித்த முகத்தில் அரிதாரம் பூசிய என் சித்தப்பா, கண்ணை மூடிக்கொண்டு திருநீறு இடுவார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்து மாமாகூடச் சிரிக்க மாட்டார்.

பிறகு வானவரின் ஓலையோடு தூதன் வருவான். சிவனுக்கு ஒரு மகன் பிறந்தால்தான் சூரன் ஒழிவான். தவத்தில் இருப்பவரை எழுப்ப மன்மதனால்தான் ஆகும். கந்தபுராணத்தில் காமதகனப் படலம் என்று படிப்பதும் இந்தக் கதையைத்தான். தூதனுக்கு எங்கள் தோட்டத்தில் தபால்காரர் உடுப்பு. மூச்சு வாங்க மலையேறி வந்து, முகவரி சரியில்லை, எந்த டிவிசன், எத்தனையாம் நம்பர் காம்பரா என்று அவன் விசாரிக்கும்போது பிரட்டுக்களமே உருண்டு சிரிக்கும். அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன சண்டை. ஓலையைப் படித்த ரதி மறிப்பாள், மன்மதன் மீறுவான்.

பௌர்ணமி இரவு, மரத்தின் மேலே கட்டிய பரணில் சிவன். சடை தரித்த ஒருவர் மாலையில் இருந்து அசையாமல் உட்கார்ந்திருப்பார். கீழே கம்பம். மன்மதன் அம்பை விடுவான். பரணில் இருந்து கம்பத்துக்குக் கட்டிய கயிற்று வழியே நெருப்பு இறங்கும், வைக்கோல் பற்றிக்கொள்ளும். அந்த ஒரு கணத்தில் தப்பு நின்றுவிடும். மாமா மண்ணில் விழுந்து கிடப்பார், அவர் மேல் வெள்ளைத் துணி போர்த்துவார்கள். ரதி தலையை விரித்துக்கொண்டு ஒப்பாரி தொடங்குவாள். ஒப்பாரி சொல்லச் சித்தப்பாவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அவர் அம்மா, பாட்டி எல்லாம் அதில் கைதேர்ந்தவர்கள். அந்த ஆண்டில் வீட்டில் சாவு கண்ட பெண்கள் கூட்டத்தில் இருந்து எழுந்து வந்து ரதியின் தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுவார்கள். மூன்றாம் நாள் பால் தெளித்து மன்மதனை எழுப்புவது எங்கள் தோட்டத்து வழக்கம். அவன் உடம்பு ரதி கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பது வரம். ஆகவே அன்று கூட்டம் முழுவதும் அவனைக் காணாதது போலவே நடந்துகொள்ளும். நானும் மாமாவைப் பார்க்காத மாதிரி நின்றிருக்கிறேன்.

அதே பௌர்ணமி இங்கே போயா விடுமுறை. மாசிப் பௌர்ணமி சில ஆண்டு நவம் போயாவாகவும் சில ஆண்டு மெதின் போயாவாகவும் விழும். கீழ்க் கிராமத்துச் சிங்களவர் வெள்ளை உடுத்திப் பதுளை முதியங்கன விகாரைக்குப் போவார்கள். மேலே நாங்கள் காமனை எரிப்போம். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். தமிழில் மன்மதனுக்கு மாரன் என்றொரு பெயர் உண்டு. போதி மரத்தடியில் புத்தரைக் கலைக்க வந்தவனும் மாரன்தான். உலகம் காமதேவன் என்று அழைப்பவனையே மாரன் என்கிறோம் என்று அசுவகோசர் புத்தசரிதத்தில் சொல்கிறார். சிவனையே அசைத்த என் அம்பு இவரை ஒன்றும் செய்யவில்லையே என்று அந்த மாரன் திகைக்கிறான். அங்கே ரதி அவனுக்கு மகள். ஆக, நாங்களும் எங்கள் அண்டை வீட்டாரும் ஒரே ஆளைத்தான் இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்கள் பேச்சில் மாரயா என்றால் சாவு. எங்கள் பாட்டில் மாரன் என்றால் காதல். அவன் அம்பு அங்கே தோற்றது, இங்கே வென்று சாம்பலானது. அவனை எரிக்க வைக்கோல் கொடுத்தது அவர்கள் வயல்.

1924இல் ரயில் பதுளை வரைக்கும் வந்தது. பத்து ஆண்டு முன்பே, 1914இல், பாம்பன் பாலம் திறந்து, தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியிருந்தது. நடந்து வந்த காமனுக்கு ஊரோடு போக்குவரத்து உண்டானது. ஊருக்குப் போகிறவர்கள் அச்சுப் புத்தகமும் புதிய மெட்டும் கொண்டுவருவார்கள். கூத்தைப் பழக்கும் காமன் மாஸ்டர்கள் அவற்றைத் தங்கள் கொப்பியில் ஒட்டியும் வெட்டியும் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கொப்பிகளில்தான் ஒவ்வொரு தோட்டத்துக் கூத்தும் தனித்தனியாக வளர்ந்தது.

பிறகு அதே ரயில் திசை திரும்பியது. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை போயிற்று. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கூறுபோட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் லயத்தில் அந்தக் கோடு, கூரையை எட்டாத அந்தச் சுவரின் மேலேயே விழுந்தது. சித்தப்பாவுக்கு இந்தியா பாஸ்போட் வந்தது. மாமா இலங்கைக்கு எழுதிப் போட்டிருந்தார்.

அழுகைக் கோச்சி என்றே அந்த ரயிலுக்குப் பேர். பதுளை ஸ்டேசனில் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆண்டு முழுக்கப் பேசாத சித்தப்பாதான் அன்று பேசிக்கொண்டே இருந்தார்: பீலிக்குக் கீழே பாசி வழுக்குகிறது, பிள்ளைகளைப் பார்த்துப் போகச் சொல்லு, கோழிக் கூண்டை எடுத்துக்கோ, ரதி சேலை பெட்டியில் இருக்கிறது. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலேறி, மண்டபம் போய், நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மறுபடியும் தேயிலை, மறுபடியும் குளிர். அடுத்த மாசியில் எங்கள் தோட்டத்தில் காமன் ஊன்றவில்லை. அதற்கடுத்த மாசியில் ஒரு பையன் ரதி கட்டினான். நன்றாகவே ஆடினான், ஆனால் மன்மதனைத் திட்டும் இடத்தில் மரியாதை கொடுத்தான். மாமா பாதியில் வில்லைக் கீழே வைத்துவிட்டு, என்னடா இப்படித் திட்டினால் நான் எப்படிப் போவேன் என்று கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இன்று அந்தக் கூத்து எங்கள் தோட்டத்தில் மூன்று இரவாகச் சுருங்கிவிட்டது. பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வருகிறவர்களால் மாசியில் பதினைந்து நாள் லீவு எடுக்க முடியாது. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அவர்கள் லயத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றுதான் நாங்கள் எல்லோரும் வேண்டிக்கொண்டோம். மலைநாட்டுப் பாடல்களைத் தேடிப் பதிந்த சி.வி. வேலுப்பிள்ளையும், பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதிய மாத்தளை வடிவேலனும் செய்ததை ஒரு நூறு பேர் செய்திருக்க வேண்டும். குறிப்பாக அந்தச் சண்டையை எழுதி வைக்க வேண்டும். கல்யாணமும் தகனமும் ஒப்பாரியும் எல்லாத் தோட்டத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். ரதியும் மன்மதனும் போடும் வாதம்தான் தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. அதில்தான் அந்தந்த லயத்துப் பீலியும் கோழியும் கங்காணியும் இருக்கிறார்கள்.

பதுளை, பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கத்தில் இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா காமன் மாஸ்டராக இருந்திருந்தால், வீட்டுப் பெட்டியில் மஞ்சள் பூத்த ஒரு கொப்பி இருக்கும். மழை ஒழுகும் கூரைக்குக் கீழே அதை வைக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புங்கள், அவர்கள் இணையத்தில் காத்து வைப்பார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிற நம் ஆட்களிடமும் சொல்லுங்கள். வாதத்தின் மறுபாதி அவர்களிடம் இருக்கிறது.